கால் வராமல் வாங்கிய ஷூ

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி முதலாளி கேட்டிருக்கிறார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இந்தக் கடையில் ஷூ விற்று ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றவனிடம் நாலு வார்த்தை கேட்டால் நாற்பது வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன! பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த ஷூவில் என்ன ரப்பர், அடியில் எவ்வளவு நீளப் பற்கள் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல நான் வேண்டாம். பெட்டியில் அச்சடிக்க முடியாத ஒரு விஷயம் நம் கடையில் நடந்தது. அதைச் சொல்கிறேன்.

இப்போது டிரெயில் ரன்னிங் என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். தார் ரோட்டை விட்டுவிட்டு மண்பாதையிலும் காட்டோரத்திலும் மலையிலும் ஓடுகிற ஓட்டம். நல்ல பழக்கம்தான். ஆனால் நம் ஊர்க்காரர்கள் உள்ளே நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "வெள்ளம் கேறாத ஷூ உண்டா?" என்பது. பாதி வருஷம் மழை பெய்கிற ஊரில் தண்ணீர் புகாத ஷூ கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். தோன்றுவதோடு சரி. மலையில் ஓடை கணுக்காலுக்கு மேலே வரும். மேல்பக்கமாக உள்ளே இறங்கிய தண்ணீருக்கு அப்புறம் வெளியே போக வழி கிடையாது. காலில் வாளியை மாட்டிக்கொண்டு ஓடுகிற கதைதான். வலைத்துணி ஷூவில் தண்ணீர் வரும், வந்த வழியே போய்விடும். இதைச் சொன்னால் வந்தவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும், நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று ஷூக் கயிறு. நாம் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிற மனிதர்கள். வீடு, கோயில், சர்ச், டாக்டர் ரூம், சில இடங்களில் கம்ப்யூட்டர் இருக்கிற அறை வரைக்கும்! அதனால் வாங்கிய அன்று போட்ட முடிச்சு ஷூ கிழிகிற வரைக்கும் அவிழாது. செருப்பு மாதிரிக் காலை நுழைக்கிறது, செருப்பு மாதிரி உதறுகிறது. சமதரையில் ஒன்றும் ஆகாது. மலை இறங்கும்போது தளர்ந்த ஷூவுக்குள் கால் வழுக்கி முன்னால் போய் முட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெருவிரல் நகம் கருத்திருக்கும். ஷூ சரியில்லை என்று நம்மிடம் சண்டைக்கு வருவார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் தர்மசங்கடம் வரும். அப்படி ஒரு நாளில் நான் கண்ட மனுஷி ஸ்டெல்லா பாய்.

அரசு பஸ்ஸில் கண்டக்டர். நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே எல்லையோரத்துக் குடும்பம். வீட்டில் தமிழ், டிப்போவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். கரமனையில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாற்பதைத் தாண்டிய வயது. ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கடைக்கு வந்தார்.

"அண்ணே, மலையில ஓடுகதுக்கு ஒரு ஷூ வேணும்."

"எந்த மலையிலம்மா?"

"பொன்முடியிலதான். தெனமும் பொன்முடி, பொன்முடிண்ணு தொண்ட கிழிய விளிச்சு ஆள ஏத்துகேன். அந்த மலையில ஒரு அடி நடந்து பாத்ததில்ல, கேட்டியளா. வண்டி மேல போவும், சாயா குடிப்போம், திரும்பிருவோம்."

திடீரென்று இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேறும் சகதியுமாக ஒரு கூட்டம் அவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறது. மலையில் ஓடிவிட்டு வருகிற கிளப்காரர்கள். சீட் அழுக்காகிவிடும் என்று ஸ்டெல்லா சத்தம் போட்டிருக்கிறார். அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அத்தனை பேரும் நின்றுகொண்டே, சிரித்துப் பேசிக்கொண்டே ஊர் வரைக்கும் வந்திருக்கிறார்கள். அதில் தன் வயதுப் பெண்களும் இருந்தார்களாம்.

"அந்தச் சிரிப்ப எனக்குப் பொறுக்க முடியல்ல அண்ணே" என்றார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவரின் கால் சாயங்காலத்தில் வீங்கி அகலமாகும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். ஆகையால் அந்த நேரத்தில் வந்தது நல்லதாகப் போயிற்று. உட்கார வைத்து அளக்காமல் நிற்க வைத்து அளந்தேன். செருப்பு அளவைவிட ஒரு சைஸ் கூடுதலாக, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு எடுத்துக் கொடுத்தேன். குடோன் மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னேன். இறங்கும்போது முட்டவில்லை. வலைத்துணி, அடியில் நல்ல பல். நிறம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இதென்ன, சேத்து நெறத்துல இருக்கு?"

"சேத்துலதானே ஓடப் போறீங்க?"

வாய்விட்டுச் சிரித்தார். கயிறு கட்டும் விதத்தைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் கரமனை ஆற்றங்கரையில் அவரை அடிக்கடி பார்ப்பேன். முதலில் நடைதான். பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் அந்தக் கிளப்காரர்களோடு மலைக்குப் போய்விடுவார். ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு முதல் ஏற்றத்திலேயே மூச்சைக் கொட்டி ஓடுவது. அவரும் செய்தார். கிளப்பில் ஒரு பெண், ஏற்றத்தில் நடப்பது கௌரவக் குறைச்சல் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மலை பிடிபட்டது. விழுந்தார், முட்டியைச் சிராய்த்துக்கொண்டார், அட்டை கடித்த தடத்தோடு டிக்கெட் கிழித்தார். விடவில்லை. நாளுக்கு நாள் என் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. அந்தச் சேற்று நிற ஷூ அவர் காலின் வடிவத்துக்கே வந்துவிட்டது.

ஐப்பசி மழைக் காலத்தில் கிளப்காரர்கள் பொன்முடிப் பக்கம் ஒரு மலை ஓட்டம் வைத்தார்கள். ஸ்டெல்லா பெயர் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை. விஷயம் டிப்போவுக்குத் தெரிந்துவிட்டது. நம் நாட்டில் ஓடி முடித்த பிறகா ஃப்ளெக்ஸ் வைப்பார்கள்? ஓடுவதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு ஸ்டெல்லா கை கூப்பிக்கொண்டு நிற்கிற படம். வண்டி ஏற வருகிற ஜனமெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

"ஓட்டத்துல நேரம் கழிஞ்சா ஜீப்புல ஏத்திக் கொண்டு வந்திருவாவ அண்ணே" என்று என்னிடம் வந்து புலம்பினார். "ஜீப்புல வந்து எறங்கினேன்னா பின்ன டிப்போவுல தல காட்ட முடியுமா? ரிட்டயர் ஆகுது வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுவ."

அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான். முதலாவதாக வர வேண்டாம். கடைசி ஆளாக வந்தாலும் சொந்தக் காலில் வர வேண்டும், ஜீப்பில் வரக் கூடாது.

ஓட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. ஸ்டெல்லா ஒரு ஷூப் பெட்டியோடு கடைக்கு வந்தார். நம் கடைப் பெட்டிதான். உள்ளே கிளிப்பச்சை நிறத்தில் புத்தம் புது டிரெயில் ஷூ. விலை கூடியது, தண்ணீர் புகாதது. டிப்போவில் கூட்டிப் பெருக்குகிற அக்கா முதல் பஸ் நேரம் பார்க்கிற ஸ்டேஷன் மாஸ்டர் வரைக்கும் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு, ரகசியமாக வாங்கி, வெள்ளிக்கிழமை விழா எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் விடுப்பில் இருந்த நாளில் நாலு பேர் வந்து வாங்கியிருக்கிறார்கள். இருப்பதிலேயே நல்லதாக, வெள்ளம் கேறாததாக, இந்த நீளத்தில் என்று ஒரு காகிதத் துண்டை நீட்டியிருக்கிறார்கள். விற்ற தம்பி கேட்டதைக் கொடுத்திருக்கிறான். அவன் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கடைக்குப் பணம் வந்தது, ஆசை வந்தது, அன்பு வந்தது, கால் மட்டும் வரவில்லை.

போட்டுப் பார்க்கச் சொன்னேன். மாடிப்படியில் இரண்டு படி இறங்குவதற்குள் நின்றுவிட்டார்.

"நுனியில முட்டுது அண்ணே."

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் தங்கமான மனுஷர், விற்றதைத் திரும்ப எடுக்க யோசிக்கிறவர் இல்லை. "அதினென்னா? அதே பச்சையில ஒரு சைஸ் கூட்டிக் கொடுங்கோ. ஆரும் அறிய மாட்டா" என்றார்.

ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. "அது போதும் அண்ணே. அதத் தாங்க."

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வாங்க வந்தவர் கேட்கிறார். முதலாளி சரி என்கிறார். சரக்கு அலமாரியில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆள் கடையில் நான் ஒருவன்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. ஆனாலும் சொன்னேன். சைஸ் சரியாக இருந்தாலும் நாளைக்கு இது வேண்டாம், புது ஷூ காலோடு பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், ஈரப் பாறையில் இது எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஓடையில் இறங்கினால் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், பாதி மலையில் கொப்புளம் வந்தால் அப்புறம் ஜீப்தான் என்றேன்.

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தானத்துக்கு வந்த மாட்ட யாராவது பல்லப் பிடிச்சுப் பாப்பாவளா? நாளைக்குக் காலத்த மொத பஸ்ஸுல அத்தன பேரும் மலைக்கு வாறாவ. வந்து என் மூஞ்சியவா பாப்பாவ? காலத்தான் பாப்பாவ! பழைய ஷூவோட நின்னா அந்த மனுஷங்களுக்க மனசு என்ன பாடுபடும்?"

நியாயமான கேள்வி. ஒரு குறுக்கு வழி சொன்னேன். பச்சை ஷூவைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நில்லுங்கள், படம் எடுத்ததும் ஓரமாகப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். முதலாளியும் அது நல்ல யோசனை என்று தலையாட்டினார்.

ஸ்டெல்லா குனிந்து கயிற்றை அவிழ்த்தார். பச்சை ஷூவைக் கழற்றினார், ஒரு தூசி இல்லாமல் துடைத்தார், பெட்டியில் வைத்து மூடினார். "இது இங்கயே இருக்கட்டும் அண்ணே. நாளைக்கு நான் பாத்துக்கிடுகேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை நானும் மலைக்குப் போனேன். கிளப்காரர்கள் நம் கடைக்குப் பழக்கம் ஆனபடியால் இந்த மாதிரி நாட்களில் அறுந்த கயிறு, பிய்ந்த ஷூ அடி என்று பார்த்துக் கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். மூடுபனி விலகாத நேரம். முதல் பஸ்ஸில் டிப்போக் கூட்டம் வந்து இறங்கியது. முன்னால் வந்தவர் சுகுமாரன், ஸ்டெல்லாவோடு அதே தடத்தில் வருஷக் கணக்காக வண்டி ஓட்டுகிற டிரைவர். பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும். கையில் பொன்னாடை வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் கையில் எல்லாம் போன், படம் எடுக்கத் தயாராக.

ஸ்டெல்லா சேற்று நிற ஷூவோடு நின்றார். சுகுமாரனின் கண் கீழே போயிற்று. பொன்னாடை பாதியில் நின்றது.

"ஸ்டெல்லாவே, நம்ம ஷூ எவிடே?"

தூக்கிய போன்கள் எல்லாம் கீழே இறங்கின. கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று என்னைக் கை காட்டியிருக்கலாம், நான் பக்கத்தில்தான் நின்றேன். ஈரமாகிவிடும் என்று வைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லா இரண்டும் செய்யவில்லை.

"சுகு அண்ணா, பிரேக் லைனிங் புதுசா மாத்தின அன்னைக்கு, ஓட்டிப் பாக்காம, ஆள ஏத்திக்கிட்டு இந்த மலைய எறங்குவியளா?"

"அதெப்பிடி எறங்கும்?" என்றார் சுகுமாரன், யோசிக்காமலே.

"எறங்க மாட்டிய. எனக்க காலும் அப்படித்தான். பொறவு ஒரு காரியம் அண்ணா, அது ஒரு சைஸ் சின்னது. பெருவிரலு முட்டுது. சொல்லாம மாட்டிக்கிட்டு ஓடியிருப்பேன். பாதி மலையில ஜீப்புல ஏறியிருப்பேன். நீங்க எல்லாரும் வண்டி பிடிச்சு வந்தது நான் ஜீப்புல வந்து எறங்குகதப் பாக்கவா? உங்க ஷூவ நான் விடல்ல. சைஸ் மாத்தி, பழகி, அடுத்த மலைக்குப் போடுகேன். இன்னைக்கு இது."

சுகுமாரன் தலையைச் சொறிந்தார்.

"அளவெடுத்தது ஞானாக்கும்" என்றார் மெதுவாக. "லேடீஸ் ரெஸ்ட் ரூமுக்கு வெளிய கிடந்த உனக்க செருப்பில, டிக்கெட் மெஷின் பேப்பர வச்சுக் கீறி எடுத்தேன்."

பெருக்குகிற அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சுகுமாரனின் முதுகில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்று வைத்தார். பொன்னாடை ஸ்டெல்லாவின் தோளில் ஏறியது, படமும் எடுத்தார்கள், சேற்று நிற ஷூவோடு.

நான் எத்தனையோ பெரிய ஓட்டக்காரர்களுக்கு ஷூ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் எனக்கு அன்றைக்கு ஸ்டெல்லா தெரிந்த உயரத்தில் தெரியவில்லை. அன்பாகக் கொடுத்தவர்கள் முகத்துக்கு நேரே, அவர்கள் அன்பைக் குறைக்காமல், இது எனக்குச் சேராது என்று சொல்வது லேசான காரியமா? நான் குறுக்கு வழி சொன்னவன். அவர் நேர் வழியிலேயே போய்விட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவருக்கு ஆற்றின் ஆழமும் தெரிந்திருந்தது, தன்னோடு வேலை செய்கிறவர்களின் மனசின் ஆழமும் தெரிந்திருந்தது.

பச்சை ஷூ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். மறு வாரம் டிப்போவிலிருந்து ஒரு கூட்டம் கடைக்கு வந்தது, இந்த முறை ஸ்டெல்லாவின் காலையும் கூட்டிக்கொண்டு. ஆளாளுக்கு யோசனை சொல்லி, மாடிப்படியில் அவரை ஏற்றி இறக்கி ஒரு வழி பண்ணிவிட்டார்கள். கடைசியில் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வலைத்துணியில் ஒன்று எடுத்தார்கள். நிறம் மட்டும் கிளிப்பச்சைதான் வேண்டும் என்று பிடிவாதம். பரிசு வாங்க வருகிறவர்களிடம் இன்றைக்கும் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: போடுகிறவர் எங்கே, எந்தத் தரையில் ஓடுவார், எப்போது ஓட்டம். பதில் தெரியாவிட்டால் ரசீது போடாதீர்கள், காலை அழைத்து வரச் சொல்லுங்கள். விற்பனை ஒரு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

இனி மலைக்கு வருகிறேன். ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நானும் டிப்போக்காரர்களும் கடைசி இறக்கத்தின் அடியில், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றோம். அந்த இறக்கம் பாசி பிடித்த பாறையும் செம்மண் குழம்பும் சேர்ந்தது. வேகமாக வந்த இளைஞர்களே அங்கே தடுமாறினார்கள். சிலர் கையை ஊன்றினார்கள், சிலர் உட்கார்ந்து சறுக்கினார்கள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஸ்டெல்லாவைக் காணவில்லை. நேரம் முடிகிற கட்டம் வந்தது. மிச்சம் இருக்கிறவர்களை ஏற்றி வர ஜீப் கிளம்பி மேலே போயிற்று. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெருக்குகிற அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது மேலே பாறை விளிம்பில் ஸ்டெல்லா தெரிந்தார்.

நிற்கவில்லை. முட்டியைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக, உடம்பை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் தளர விட்டு இறங்கினார். எதையும் பிடிக்கவில்லை. பாறை வழுக்குகிற இடத்தில் காலுக்கு முன்பே இடுப்பு நகர்ந்து இடம் பார்த்துக் கொடுத்தது. அப்படி ஓர் இறக்கத்தை நான் அன்றைக்கு வேறு யாரிடமும் பார்க்கவில்லை. டிப்போக் கூட்டம் கத்திக் குதித்தது. ஸ்டெல்லா கோட்டைத் தாண்டினார். ஜீப் அவருக்குப் பின்னால் வேறு ஆட்களோடு வந்தது. எல்லாரும் ஓடிப்போய் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சுகுமாரன் மட்டும் என் பக்கத்திலேயே நின்றார். கை தட்டக்கூட இல்லை. அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஓட்டத்துல படிச்சதில்ல அண்ணா" என்றார். "இது கொண்டை ஊசி வளைவுல வண்டிக்குள்ள நிக்கிற நிப்பாக்கும். ஒரு கையில மெஷின், ஒரு கையில சில்லற, கம்பியப் பிடிக்காம, ஞான் ஒடிக்கிற ஒடிப்புக்கெல்லாம் இவ இப்படித்தானே நின்னிருப்பா?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தன வருஷமா என் முதுகுக்குப் பின்னால நின்னிருக்கா. எனக்கு பெல்லுச் சத்தம் மட்டுந்தான் கேட்டிருக்கு."